புகையானும் அதன் பகைவனும்

பள்ளி விடுமுறையில் செகிஞ்சானுக்குச் சென்றவர்கள் அந்தப் பச்சை நிறத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். சிலாங்கூரின் கடலோரத்தில், கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை நெல்வயல்கள் விரிந்து கிடக்கும். சுற்றுலாப் பயணிகள் வரப்போரம் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் வயலை மேலிருந்து பார்க்கிறார்கள். வயலுக்குச் சொந்தக்காரரோ குனிந்து, பயிரை இரு கைகளாலும் விலக்கி, அதன் அடித்தண்டைப் பார்க்கிறார். அவருக்கு வேண்டிய செய்தி அங்கேதான் இருக்கிறது.

விதைத்து ஐம்பது நாள்கள் ஆன ஒரு வயலை நினைத்துப் பாருங்கள். பயிர் செழித்து நிற்கிறது. ஆனால், வயலின் நடுவே ஓரிடத்தில் மட்டும் வட்டமாக மஞ்சள் நிறம் படர்ந்திருக்கிறது. வட்டத்தின் மையத்தில் பயிர் காய்ந்து வைக்கோலாகிவிட்டது. யாரோ அந்த இடத்தில் மட்டும் தீ மூட்டியதுபோல் தோன்றுகிறது. தீயும் இல்லை, புகையும் இல்லை. இந்த வேலையைச் செய்த பூச்சிக்குத் தமிழ்நாட்டு உழவர்கள் ‘புகையான்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புகைபட்டுக் கருகியதுபோல் பயிர் மாறிவிடுவதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. நம் நாட்டு மலாய் விவசாயிகள் இதனைப் ‘பெனா பெராங்’ என்பார்கள். ‘பெராங்’ என்பது இங்குப் பழுப்பு நிறத்தைக் குறிக்கும்.

விவசாயியின் முதுகில் மருந்துத் தெளிப்பான் இருக்கிறது. மருந்துக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. பக்கத்து வயல்காரர் நேற்றே தெளித்துவிட்டார். இவர் இன்று தெளிக்க வேண்டுமா? ‘பூச்சி இருக்கிறது, மருந்தும் இருக்கிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?’ என்றுதான் நமக்கும் தோன்றும். யோசிக்க நிறைய இருக்கிறது. ஏனெனில், அந்தத் தண்டில் இருப்பது ஒரே வகைப் பூச்சி அன்று.

தண்டில் இருவர்

மஞ்சள் வட்டத்தின் ஓரத்தில், இன்னும் பச்சையாக இருக்கும் ஒரு தூரைப் பிரித்துப் பார்ப்போம். தண்ணீர் மட்டத்திற்குச் சற்று மேலே பழுப்பு நிறத்தில் சிறு பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் அரிசியில் பாதி நீளம்தான் இருக்கும். விரலை அருகில் கொண்டுபோனால் அவை நேராக ஓடுவதில்லை. நண்டைப்போலப் பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபக்கத்திற்குப் போய்விடும். இன்னும் நெருங்கினால் சட்டென்று தத்திக் குதிக்கும். இவையே புகையான்கள். தத்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. விலங்கியலார் இவற்றை ‘நிலபர்வதா லுகென்ஸ்’ என்று அழைக்கிறார்கள்.

அதே தண்டில் இன்னொரு பூச்சி மேலும் கீழுமாக நடந்துகொண்டிருக்கிறது. அது கூட்டமாக இல்லை. ஓரிடத்தில் நிற்கவும் இல்லை. ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் நீளம். தலைப்பக்கம் கறுப்பு, சிறகு வெளிர்ப்பச்சை. மெல்லிய நீண்ட உணர்கொம்புகள். எதையோ தொலைத்தவர் தேடுவதுபோல் தண்டைத் தடவித் தடவிச் செல்கிறது. இது பச்சை நாவாய்ப்பூச்சி. இதன் அறிவியல் பெயர் ‘சிர்டோரைனஸ் லிவிடிபென்னிஸ்’. பெயர்தான் நீளம், பூச்சி சிறியது.

இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்த உறவினர்கள். அந்த வரிசைக்கு ‘ஹெமிப்டெரா’ என்று பெயர். ‘பாதிச் சிறகு’ என்பது அதன் பொருள். பச்சை நாவாய்ப்பூச்சிக்கு இந்தப் பெயர் நன்றாகப் பொருந்தும். அதன் முன்சிறகின் முன்பகுதி தடிப்பாகவும் நுனிப்பகுதி கண்ணாடித்தாள் போலவும் இருக்கும். புகையானின் முன்சிறகோ முழுவதும் ஒரே மாதிரியாக இருக்கும். ஆக, பெயரை மட்டும் வைத்து உறவைத் தேடினால் குழப்பமே மிஞ்சும். உறவு சிறகில் இல்லை, வாயில் இருக்கிறது.

மெல்லத் தெரியாத வாய்

வெட்டுக்கிளி இலையைக் கடித்து மெல்லும். வண்டும் கடிக்கும். பட்டாம்பூச்சி உறிஞ்சும், ஆனால், அதன் வாய் சுருட்டி வைத்த குழல். ஹெமிப்டெரா வரிசையில் உள்ள பூச்சிகளுக்குக் கடிக்கவும் முடியாது, மெல்லவும் முடியாது. அவற்றின் வாய் குத்தி உறிஞ்சும் ஊசி. அசுவினி, மாவுப்பூச்சி, மரங்களில் இரைச்சலிடும் சில்வண்டு, நம் இரத்தத்தைக் குடிக்கும் மூட்டைப்பூச்சி ஆகிய அனைத்துக்கும் இதே வாய்தான்.

அந்த ஊசி எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்போம். வெளியில் இருந்து பார்த்தால் ஒரே அலகுபோல் தெரியும். உண்மையில் அது ஓர் உறை மட்டுமே. உறைக்குள் முடியைவிட மெல்லிய நான்கு ஊசிகள் இருக்கின்றன. வெளியே உள்ள இரண்டும் துளைக்க உதவும். உள்ளே உள்ள இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி, தமக்கிடையே இரு குழாய்களை உருவாக்கும். ஒரு குழாயின் வழியாக உமிழ்நீர் கீழே இறங்கும்; மற்றொன்றின் வழியாக உணவு மேலே ஏறும். குத்தும்போது வெளியுறை உள்ளே போவதில்லை. மடங்கி வெளியிலேயே நின்றுவிடும். ஊசிகள் மட்டும் இறங்கும்.

ஒரு குழாய் கீழே, ஒரு குழாய் மேலே. இந்த ஒரே கருவியை வைத்துக்கொண்டு புகையான் நெற்பயிரைக் குடிக்கிறது. பச்சை நாவாய்ப்பூச்சியோ புகையானையே குடிக்கிறது. வேறுபாடு, கீழே இறங்கும் உமிழ்நீரில் தொடங்குகிறது.

சாறு குடிப்பவர்

இலைகள் தயாரிக்கும் சர்க்கரையைச் செடியின் மற்ற பாகங்களுக்குக் கொண்டுசெல்லும் குழாய்களுக்குப் புளோயம் என்று பெயர். புகையானின் இலக்கு அந்தக் குழாய்தான். அது தன் ஊசியைத் தண்டின் உள்ளே மெதுவாகச் செலுத்தும்போது உமிழ்நீரையும் சிறிது சிறிதாக விடுகிறது. அந்த உமிழ்நீர் கெட்டியாகி, ஊசியைச் சுற்றி ஓர் உறையாக மாறிவிடுகிறது. கிணறு தோண்டுபவர்கள் மண் சரியாமல் இருக்க உள்ளே உறை இறக்குவதைப் போன்றது இது. குழாயைத் தொட்டவுடன் பூச்சி பெரிதாக முயல வேண்டியதில்லை. அதில் சாறு அழுத்தத்துடன் ஓடிக்கொண்டிருப்பதால் தானே ஏறி வரும்.

இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் உணவில் ஒரு குறை உண்டு. சாற்றில் சர்க்கரை மிகுதி. உடல் வளரத் தேவையான அமினோ அமிலங்களோ குறைவு. அதை ஈடுகட்டப் புகையான் மிக அதிகமாகக் குடிக்கிறது. மிஞ்சிய சர்க்கரையை இனிப்பு நீராகக் கழித்துவிடுகிறது. அந்த இனிப்பு, தண்டிலும் இலையிலும் படிந்து கரும்பூசணம் வளர இடம் கொடுக்கிறது. போதாததற்கு, புகையானின் உடலுக்குள்ளேயே ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை குறைவாக உள்ள சத்துகளைத் தயாரித்துக் கொடுக்கின்றன. ஒரு நெல்வயலை அழிக்கும் பூச்சி, தன் வயிற்றுப்பாட்டுக்குக் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை நம்பியிருப்பதை எண்ணினால் சற்று வியப்பாகத்தான் இருக்கிறது.

பத்துப் பதினைந்து பூச்சிகள் ஒரு தூரில் குடித்தால் பயிர் தாங்கிக்கொள்ளும். நூற்றுக்கணக்கில் குடித்தால் சாறும் போய்விடும். விட்டுச்சென்ற உமிழ்நீர் உறைகள் குழாய்களையும் அடைத்துவிடும். வேருக்குச் சர்க்கரை போகாது. பயிர் மஞ்சளாகி, பழுப்பாகி, காய்ந்துவிடும். அதைத்தான் வயலின் நடுவே வட்டமாகக் கண்டோம். இதுமட்டுமன்றி, நெல்லைக் குட்டையாக்கும் இருவகை நச்சுயிரி நோய்களையும் புகையான் தன் உமிழ்நீர் வழியாக ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கடத்துகிறது.

புகையானின் உடலமைப்பில் இன்னொரு தந்திரமும் இருக்கிறது. ஒரே தாய்க்குப் பிறந்தவற்றில் சிலவற்றுக்கு நீண்ட சிறகு, சிலவற்றுக்குக் குட்டைச் சிறகு. உணவு தாராளமாக இருக்கும்போது குட்டைச் சிறகுள்ள பெண்பூச்சிகள் பெருகும். அவற்றால் பறக்க முடியாது. ஆனால், முட்டை அதிகம் இடும். கூட்டம் நெருக்கித் தள்ளும்போதும் பயிர் வாடத் தொடங்கும்போதும் நீண்ட சிறகுள்ளவை தோன்றும். அவை காற்றில் ஏறி வேறு வயலுக்குப் போய்விடும். ஒவ்வோர் ஆண்டும் சீனாவிலிருந்து கடல் தாண்டி ஜப்பான்வரை செல்லும் கூட்டங்களும் உண்டு.

முட்டையைத் தேடுபவர்

பெண் புகையான் தன் முட்டைகளை வெளியில் வைப்பதில்லை. இலையுறையைக் கீறி, அதன் உள்ளே வரிசையாகச் செருகிவிடுகிறது. வெளியில் முட்டையின் மூடி மட்டும், உற்றுப் பார்த்தால் தெரியும் அளவுக்கு எட்டிப் பார்க்கும். ஒரு பெண்பூச்சி தன் வாழ்நாளில் நூறு முதல் முந்நூறு முட்டைகள்வரை இடக்கூடும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவை பொரித்துவிடும். இளம்பூச்சிகள் ஐந்து முறை தோலுரித்து, மேலும் இரண்டு வாரங்களில் முழுப்பூச்சி ஆகிவிடும்.

மழை, வெயில், எறும்பு, மருந்து என எதற்கும் எட்டாத இடத்தில் முட்டைகள் இருக்கின்றன என்று நினைப்போம். பச்சை நாவாய்ப்பூச்சிக்கு மட்டும் எட்டும். அது தண்டைத் தடவிக்கொண்டு மேலும் கீழும் நடந்ததற்குக் காரணம் இதுதான். புகையான் தாக்கிய நெற்பயிர், தாக்கப்படாத பயிரிலிருந்து சற்று மாறுபட்ட வாசனையை வெளியிடுகிறது. பச்சை நாவாய்ப்பூச்சி அந்த வாசனையை அறிந்து வருவதை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். பயிர் உதவிக்கு அழைக்கிறது என்று கதையாகச் சொல்லலாம். ஆனால், பயிருக்கு அப்படி ஓர் எண்ணம் இருப்பதாக நாம் கொள்ள வேண்டியதில்லை. பசித்த பூச்சி, உணவு இருக்கும் இடத்தின் வாசனையை அறிந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

முட்டையைக் கண்டதும் அது தன் அலகை இலையுறைக்குள் செலுத்துகிறது. இங்கே இறங்கும் உமிழ்நீர் உறை கட்டுவதில்லை. அதில் செரிமான நொதிகள் இருக்கின்றன. நாம் உணவை விழுங்கிய பிறகு வயிற்றில் நடக்கும் வேலையை அது முட்டைக்குள்ளேயே நடத்திவிடுகிறது. முட்டையின் உட்பொருள் கரைந்து நீர்மமாகிறது. பிறகு உறிஞ்சல். காலியான முட்டை சுருங்கிப்போய் இலையுறைக்குள்ளேயே கிடக்கும். முட்டை மட்டுமன்றி, அப்போதுதான் பொரித்த இளம்பூச்சிகளையும் அது விட்டுவைப்பதில்லை. ஒரு பச்சை நாவாய்ப்பூச்சி ஒரு நாளில் ஏறத்தாழ ஏழு முதல் பத்து முட்டைகளை உறிஞ்சிவிடும்.

முட்டை உறிஞ்சும் பூச்சியால் ஒரு பயிரையே காப்பாற்ற முடியுமா என்று ஐயம் எழலாம். ஹவாய்த் தீவுகளில் அது நடந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவிலிருந்து தப்பி வந்த ஒரு தத்துப்பூச்சி அங்குக் கரும்புத் தோட்டங்களைப் பாழாக்கியது. பிரடெரிக் மியூர் என்ற பூச்சியியலாளர் அதன் இயற்கை எதிரியைத் தேடி அதன் சொந்த ஊரான குயின்ஸ்லாந்துக்கே சென்றார். அங்கு அதன் முட்டைகளை உறிஞ்சும் ஒரு நாவாய்ப்பூச்சியைக் கண்டார். 1920ஆம் ஆண்டில் அது ஹவாய்க்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளில் தத்துப்பூச்சியின் தொல்லை அடங்கியது. நம் வயலில் உள்ள பச்சை நாவாய்ப்பூச்சி அந்தப் பூச்சிக்கு நெருங்கிய உறவு.

ஒரு கணக்கு

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். வயலில் ஒரு பெண் புகையான் இடும் முட்டைகளில் நூறு மட்டும் பிழைத்து முழுப்பூச்சி ஆகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பாதி பெண் என்றால், அடுத்த தலைமுறையில் 50 பெண்பூச்சிகள். அதற்கடுத்த தலைமுறையில் 2,500. மூன்றாவது தலைமுறையில் 1,25,000. ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம் என்று கொண்டாலும், அறுவடைக்கு முன் மூன்று தலைமுறைகள் முடிந்துவிடும்.

இனி, அதே நூறில் தொண்ணூற்றாறு முட்டைகளையும் இளம்பூச்சிகளையும் எதிரிகள் தின்றுவிட்டதாகக் கொள்ளுங்கள். நான்கு பிழைக்கும், இரண்டு பெண். பிறகு நான்கு, பிறகு எட்டு. அவ்வளவுதான். இது வெறும் தாள் கணக்கு. உண்மையான வயலில் மழையும் காற்றும் சேர்ந்து எண்களை மாற்றும். ஆனாலும், ஒன்றேகால் இலட்சத்துக்கும் எட்டுக்கும் இடையே உள்ள தொலைவை முட்டைகளை யார் தின்றார்கள் என்பது முடிவு செய்கிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

பச்சை நாவாய்ப்பூச்சி தனியாக இந்த வேலையைச் செய்வதில்லை. ஓநாய்ச் சிலந்திகள் தண்டின் அடியில் வேட்டையாடுகின்றன. தண்ணீரில் தவறி விழும் புகையான்களை நீர்ப்பரப்பில் ஓடும் ஒரு குட்டிப் பூச்சி பாய்ந்து பிடித்துக்கொள்கிறது. அதுவும் ஹெமிப்டெரா வரிசையைச் சேர்ந்ததுதான். அதற்கும் அதே ஊசி வாய்தான்!

மருந்து தெளித்த பிறகு

விவசாயியிடம் திரும்புவோம். அவர் தெளிப்பானை இயக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மருந்து மேலிருந்து பனிபோல் இறங்குகிறது. புகையான்கள் அடர்ந்த இலைகளுக்குக் கீழே, தண்டின் அடியில் இருக்கின்றன. மருந்தின் ஒரு பகுதிதான் அவற்றை எட்டும். முட்டைகள் இலையுறைக்குள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். பச்சை நாவாய்ப்பூச்சியோ இரை தேடி மேலும் கீழும் நடந்துகொண்டே இருப்பது. மருந்து படிந்த ஒவ்வோர் இடத்தையும் அது மிதிக்கிறது. சிலந்தியும் அப்படித்தான். எல்லா இடத்துக்கும் சென்று தேடும் பழக்கம்தான் அவற்றை நல்ல வேட்டைக்காரர்கள் ஆக்கியது. அதே பழக்கம் இப்போது அவற்றைக் கொல்கிறது.

மறுநாள் வயல் அமைதியாக இருக்கும். மருந்து வேலை செய்துவிட்டது என்று விவசாயி மகிழ்வார். ஒரு வாரத்தில் முட்டைகள் பொரிக்கும். இம்முறை அவற்றைத் தின்ன யாரும் இல்லை. மூன்று வாரங்களில் முன்பைவிட அதிகமான புகையான்கள் இருக்கும். அவர் மீண்டும் தெளிப்பார். சில வகை மருந்துகள் கொல்லாத அளவில் உடலில் சேர்ந்தால், புகையான் முன்பைவிட அதிக முட்டை இடுவதையும் ஆய்வாளர்கள் 1980ஆம் ஆண்டு வாக்கில் கண்டறிந்தார்கள். பூச்சியைக் கொல்ல வாங்கிய மருந்து பூச்சியை வளர்க்கிறது.

இது ஒரு வயலில் நடந்தால் ஒரு குடும்பத்தின் இழப்பு. ஒரு நாடு முழுவதும் நடந்தால்? இந்தோனேசியாவில் அது நடந்தது.

1960களின் பிற்பகுதியிலிருந்து அதிக விளைச்சல் தரும் புதிய நெல் வகைகள் ஆசியாவெங்கும் பரவின. அவற்றோடு உரமும் பூச்சிமருந்தும் பரவின. அளவுக்கு மீறித் தழைச்சத்து இட்ட பயிரில் புகையான் இன்னும் வேகமாகப் பெருகும். பிலிப்பைன்ஸிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சிக் கழகம், புகையானைத் தாங்கும் ஐஆர்26 என்ற நெல்லை 1973ஆம் ஆண்டில் வெளியிட்டது. இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அந்த நெல்லையும் உண்ணக்கூடிய புகையான்கள் உருவாகிவிட்டன. இந்தோனேசிய அரசு பூச்சிமருந்தின் விலையில் பெரும்பகுதியைத் தானே ஏற்று, விவசாயிகளுக்கு மலிவாகக் கொடுத்து வந்தது. மலிவாகக் கிடைத்ததால் மேலும் மேலும் தெளிக்கப்பட்டது. 1984ஆம் ஆண்டில் அரிசியில் தன்னிறைவு அடைந்ததாக அறிவித்த அந்த நாட்டில், அடுத்த ஈராண்டுக்குள் ஜாவாத் தீவின் வயல்கள் மீண்டும் கருகத் தொடங்கின.

இதற்கிடையில் பிலிப்பைன்ஸில் பீட்டர் கென்மோர் என்ற இளம் ஆய்வாளர் மருந்து தெளித்த வயல்களையும் தெளிக்காத வயல்களையும் அருகருகே ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். தெளித்த வயல்களில்தான் புகையான் பன்மடங்கு பெருகியது. தெளிக்காத வயல்களில் சிலந்திகளும் நாவாய்ப்பூச்சிகளும் அதை அடக்கி வைத்திருந்தன. அவரும் இந்தோனேசிய அறிவியலாளர்களும் எடுத்துரைத்த சான்றுகள் அரசின் காதுக்கு எட்டின. 1986ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அதிபர் சுகார்த்தோ, 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தார். மருந்துக்கான அரசு மானியமும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1989ஆம் ஆண்டுக்குள் நிறுத்தப்பட்டது. மருந்து குறைந்தால் விளைச்சல் விழுந்துவிடும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். விளைச்சல் விழவில்லை.

தடை மட்டும் போதாது என்பதையும் அங்கு உணர்ந்திருந்தார்கள். எந்தப் பூச்சி எதை உண்கிறது என்று விவசாயிக்குத் தெரியாவிட்டால், அவர் எல்லாப் பூச்சிக்கும் அஞ்சுவார். எனவே, வயலோரப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அவற்றில் கரும்பலகை இல்லை. விவசாயிகள் காலையில் வயலில் இறங்கி, கண்ட பூச்சிகளைப் பிடித்து வருவார்கள். நிழலில் அமர்ந்து, ஒரு பெரிய தாளில் நெற்பயிரை வரைந்து, பயிரை உண்பவற்றை ஒரு பக்கமும் அவற்றை உண்பவற்றை மறுபக்கமும் வரைவார்கள். ஐயம் வந்தால் ‘பூச்சிக் காட்சிச்சாலை’ அமைப்பார்கள். வேறொன்றுமில்லை, ஒரு நெகிழிக் குவளையில் நெல் தண்டையும் சந்தேகத்துக்குரிய இரு பூச்சிகளையும் வைத்து, துணியால் மூடி, யார் யாரை உண்கிறார்கள் என்று காத்திருந்து பார்ப்பது. பூச்சி என்றாலே மருந்து என்று எண்ணியிருந்த ஒருவர், பச்சை நாவாய்ப்பூச்சி தன் அலகை முட்டைக்குள் செலுத்துவதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டால் அதன்பின் அவருக்கு விளக்கம் தேவைப்படாது.

வரப்பில் எள்

பச்சை நாவாய்ப்பூச்சியை எல்லாம் வல்லதாக நினைத்துவிடக்கூடாது. புகையான் வந்த பிறகே அது வரும். இரை இல்லாத வயலில் அது பெருகாது. தொலைவிலிருந்து பெருங்கூட்டமாகப் புகையான் வந்து இறங்கினால், அது பின்தங்கிவிடும். நச்சுயிரி நோய் பரவும் இடத்தில், சில புகையான்களே பெரும் இழப்பைத் தந்துவிடும். ஆகவே, மருந்தே தேவைப்படாது என்று எந்த விவசாயிக்கும் யாரும் உறுதி கூற முடியாது.

ஆனால், அது வயலிலேயே தங்கியிருக்க உதவ முடியும். இறைச்சி உண்பதுபோல் வாழும் இந்தப் பூச்சி, பூந்தேனையும் விரும்பிக் குடிக்கிறது. எள் பூவின் தேன் கிடைத்தால் அது அதிக நாள் வாழ்கிறது, அதிக முட்டைகளைத் தின்கிறது என்று சீனாவில் நடந்த ஆய்வு காட்டியது. பிறகு சீனா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளில் வரப்புகளில் பூச்செடிகளை வளர்த்துப் பார்த்தார்கள். 2016ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, அந்த வயல்களில் மருந்து தெளிப்பு 70 விழுக்காடு குறைந்தது. விளைச்சல் 5 விழுக்காடு கூடியது. நம் வீட்டுச் சமையலறையில் எள்ளுருண்டைக்கும் நல்லெண்ணெய்க்கும் பயன்படும் அதே எள்தான்.

தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குத் தரப்படும் வழிகாட்டலும் இங்கு நினைக்கத் தக்கது. ஒரு தண்டுக்கு ஒரு புகையான் என்ற அளவு வந்தால் மருந்தைப் பற்றி எண்ணலாம் என்கிறது அது. ஆனால், தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால், தண்டுக்கு இரண்டு புகையான் வரும்வரை பொறுக்கலாம். அதாவது, கெடுக்கும் பூச்சியை மட்டும் எண்ணினால் கணக்கு முடிவதில்லை. காக்கும் பூச்சியையும் எண்ண வேண்டும்.

செகிஞ்சான் வயலில் நிற்கும் விவசாயி தெளிப்பானைக் கழற்றி வரப்பில் வைக்கிறார். ஒரு வெள்ளைத் தட்டைத் தண்ணீர்மட்டத்தின் அருகில் சாய்த்துப் பிடித்து, தூரைக் கையால் இரண்டு முறை தட்டுகிறார். பூச்சிகள் தட்டில் விழுகின்றன. பழுப்பு நிறத்தில் தத்துபவை எத்தனை? பச்சையும் கறுப்புமாக ஓடுபவை எத்தனை? சிலந்திகள் எத்தனை? எண்ணிக் குறித்துக்கொள்கிறார். மஞ்சள் வட்டத்திலிருந்து பத்து அடி தள்ளி இன்னொரு தூர், பிறகு வயலின் மறுகோடியில் இன்னொன்று. இருபது தூர்களையாவது பார்க்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டால் நல்லது.